பழைய தாள்களுக்கு ஒரு புதிய முன்னுரை

1886-ஆம் ஆண்டு. லைப்சிக் நகரில் இசை நூல்களை வெளியிட்டுவந்த இ. டபிள்யூ. ஃபிரிட்ஷ் என்ற பதிப்பாளர், தாம் முன்பு வெளியிட்ட நூலொன்றின் விற்காத பிரதிகளை இன்னொரு பதிப்பாளரிடமிருந்து திரும்ப வாங்கினார். 1872-இலும் 1874-இலும் அச்சான தாள்கள் அவை. மறுபடி அச்சுக்கோக்கவில்லை. பழைய தாள்களை அப்படியே வைத்து, முகப்புப் பக்கத்தை மாற்றி, முன்னால் சில பக்கங்களைச் சேர்த்துப் புதிய பதிப்பாகக் கடைக்கு அனுப்பினார்.

சேர்த்த அந்தச் சில பக்கங்களை எழுதியவர் நூலாசிரியரே. மறுபதிப்பின் முன்னுரையில் வரவேற்புக்கு நன்றி சொல்வார்கள், பிழைதிருத்தம் பற்றி இரண்டு வரி எழுதுவார்கள். இந்த முன்னுரையோ ஒரு குற்றப்பத்திரிகை. நூலின் நடை கனமானது, உவமைகளில் மூச்சுமுட்டுவது, நிரூபிக்க வேண்டியதை நிரூபிக்காமல் தாண்டிச் செல்வது என்று ஆசிரியரே பட்டியலிட்டார். தம் சொந்த அனுபவத்தை அடுத்தவரின் சொற்களில் எழுதிக் கெடுத்துவிட்டதாக வருந்தினார். வாசகர் பக்கத்தைப் புரட்டினால், கண்டிக்கப்பட்ட அந்த நூல் ஓர் எழுத்தும் மாறாமல் தொடங்கும்.

அந்த நூல் 'துன்பியலின் பிறப்பு'. எழுதியவர் ஃபிரெடரிக் நீட்சே. கலை, துன்பியல், சுயசிந்தனை மூன்றையும் பற்றி அவர் நினைத்ததைத் தனித்தனியாகத் தொகுத்துச் சொல்லும் அறிமுகங்கள் ஏராளம். ஆனால் மூன்றும் ஒரே வேரில் கிளைத்தவை. கண்ணை மூடிக்கொள்ளாமல் கொடுமையைப் பார்க்க முடியுமா என்ற கேள்வியை அவர் கிரேக்க நாடகத்திலிருந்து எடுத்துக்கொண்டார். அதே பார்வையைத் தம் ஆசான்கள்மீதும் பிறகு தம்மீதும் திருப்பினார். அப்படித் திருப்பியதற்குக் கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய சாட்சி, பழைய தாள்களின் முன்னால் ஒட்டிய அந்தப் புதிய முன்னுரை.

பாசலுக்கு வந்த இளைஞர்

நீட்சே 1844 அக்டோபர் 15 அன்று ராக்கன் என்ற சிற்றூரில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தார். நான்கு வயதில் தந்தையை இழந்தார். ஷூல்ஃபோர்ட்டா உறைவிடப் பள்ளியில் கிரேக்கமும் லத்தீனும் கற்றார். லைப்சிக்கில் படிக்கும்போது, 1865-இல், ஒரு பழைய புத்தகக்கடையில் ஷோப்பன்ஹவரின் பெருநூல் அவர் கைக்குக் கிடைத்தது. வாழ்க்கையின் அடியில் இருப்பது குருட்டு வேட்கை, அது தணியாது, ஆகவே துன்பமும் தணியாது என்ற அந்தத் தத்துவம் இருபத்தோரு வயது மாணவரை உலுக்கியெடுத்தது.

1868 நவம்பரில் இசையமைப்பாளர் ரிச்சர்ட் வாக்னரைச் சந்தித்தார். சந்திப்பு நடந்தது சமஸ்கிருத அறிஞர் ஹெர்மன் பிராக்ஹவுஸின் வீட்டில். 'கதாசரித்சாகர'த்தைப் பதிப்பித்தவர் அவர். வாக்னரின் சகோதரியை மணந்தவர். பேச்சு ஷோப்பன்ஹவரைப் பற்றித் திரும்பியதும் இருவரும் ஒட்டிக்கொண்டார்கள். வாக்னர் பிறந்தது 1813-இல். நீட்சேயின் தந்தை பிறந்ததும் அதே ஆண்டில்தான்.

அடுத்த ஆண்டே சுவிட்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழகம் அவரைச் செம்மொழிப் பேராசிரியராக அழைத்தது. வயது 24. ஆசிரியர் ரிட்ச்லின் பரிந்துரை அவ்வளவு வலுவாக இருந்தது. முனைவர் பட்டத்தை லைப்சிக் தேர்வே இல்லாமல் வழங்கியது. பாசலுக்குப் போகும்முன் பிரஷ்யக் குடியுரிமையை விட்டுக்கொடுத்தார். அதன்பின் வாழ்நாள் முழுக்க எந்த நாட்டின் குடிமகனாகவும் அவர் இல்லை.

லூசர்ன் ஏரிக்கரையில் டிரிப்ஷென் என்ற வீட்டில் வாக்னர் குடியிருந்தார். பாசலிலிருந்து நீட்சே அங்கே 23 முறை போய்வந்தார். அவருக்கென்று ஓர் அறையே ஒதுக்கியிருந்தார்கள். 1870 டிசம்பர் 25 காலை, மனைவி கோசிமாவின் பிறந்தநாளுக்காக வாக்னர் மாடிப்படிகளில் இசைக்கலைஞர்களை நிறுத்தி வைத்துப் புதிய இசையொன்றை வாசிக்கச் செய்தபோது நீட்சேயும் அந்த வீட்டில் இருந்தார். அப்பா இல்லாமல் வளர்ந்த பிள்ளைக்கு அந்த வீடு என்னவாக இருந்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமல்ல. பின்னாளில் அவர் எதை அறுத்துக்கொண்டார் என்பதை அளக்க அந்த மாடிப்படிகளை நினைவில் வைக்க வேண்டும்.

அதற்குச் சில மாதங்கள் முன்பு ஜெர்மனியும் பிரான்சும் மோதிய போரில் அவர் தொண்டராகச் சேர்ந்திருந்தார். காயம்பட்டவர்களைச் சரக்கு ரயிலில் ஏற்றிக்கொண்டு இரவு பகலாகப் பணிவிடை செய்தார். வயிற்றுக்கடுப்பும் தொண்டை அழற்சியும் தொற்றி அவரும் படுக்கையில் விழுந்தார். கிரேக்கர்களுக்குத் துன்பியல் நாடகம் ஏன் தேவைப்பட்டது என்ற கேள்வி அப்போதெல்லாம் மனத்தில் ஓடிக்கொண்டிருந்ததாகப் பின்னர் எழுதினார்.

இருளைப் பார்த்த கண்ணுக்கு ஒளி

ஏதென்ஸில் இளவேனில்தோறும் டயோனிசஸ் திருவிழா. அக்ரோபொலிஸ் குன்றின் தென்சரிவில், வெட்டவெளியில், பகல் வெளிச்சத்தில் நாடகம். கவிஞர் மூவர் போட்டியிடுவர். ஒவ்வொருவருக்கும் மூன்று துன்பியல் நாடகங்கள், முடிவில் ஒரு சேட்டை நாடகம். முகமூடியணிந்த நடிகர்கள் இரண்டு மூன்று பேர்தான். பாடி ஆடும் குழுவில் முதலில் 12 பேர், பிறகு 15 பேர். ஊர் திரண்டு உட்கார்ந்து, தந்தையைக் கொன்றவனையும் பிள்ளையைக் கொன்றவளையும் பார்க்கிறது. பாரசீகப் படையைத் தோற்கடித்து உச்சத்தில் இருந்த நகரம் அது. வெற்றியின் உச்சியில் நிற்பவர்கள் திருவிழா வைத்து அழிவைப் பார்ப்பானேன்?

அரிஸ்டாட்டில் ஒரு விடை தந்திருந்தார்: இரக்கமும் அச்சமும் கிளர்ந்து வடிந்துபோகின்றன. ஷோப்பன்ஹவர் இன்னொன்று தந்தார்: வாழ்க்கை பற்றுவைக்கத் தகாதது என்று துன்பியல் கற்பிக்கிறது, பார்ப்பவர் ஆசையைக் கைவிடுகிறார். அரிஸ்டாட்டிலின் விடை நீட்சேக்குப் போதவில்லை. ஷோப்பன்ஹவரின் சொற்களைக் கடன் வாங்கிக்கொண்டே அதற்கு நேர் எதிரான முடிவை நோக்கி நடந்தார்.

மிடாஸ் அரசனின் பழங்கதையை அவர் எடுத்தாள்கிறார். டயோனிசஸின் தோழன் சைலினஸைக் காட்டில் பிடித்துவந்து, மனிதனுக்கு எது மிக நல்லது என்று அரசன் கேட்கிறான். பிறக்காமலே இருப்பது என்கிறது விடை. அடுத்த நல்லது, சீக்கிரம் சாவது. கிரேக்கர்கள் இதை அறிந்தவர்கள். அறிந்துகொண்டேதான் ஒலிம்பஸ் தெய்வங்களின் ஒளிமிக்க உலகத்தைப் படைத்தார்கள். அந்தத் தெளிவு அப்பாவிகளின் தெளிவன்று என்பது நீட்சேயின் கண்டுபிடிப்பு. கிரேக்கக் கலையைச் சலனமற்ற அழகாகவே கண்டுவந்த ஜெர்மானியச் சிந்தனைக்கு இது பெரிய அதிர்ச்சி.

இரண்டு சக்திகள் என்றார். ஒன்று அப்போலோ: கனவு, வடிவம், எல்லை, சிற்பம். மற்றது டயோனிசஸ்: வெறியாட்டு, இசை, நான் என்ற எல்லை கரைந்துபோகும் பரவசம். இரண்டும் முட்டி மோதிப் பின் இணைந்ததில் துன்பியல் பிறந்தது. குழுப்பாடல்தான் அதன் கரு. ஆடும் கூட்டம் தன்னை மறந்த நிலையில் காணும் காட்சியே மேடை. ஈடிபஸும் பிரமீதியஸும் டயோனிசஸின் முகமூடிகள்.

நூலின் ஒன்பதாம் பகுதியில் அவர் தரும் ஓர் உவமையில் முழு வாதமும் அடங்கியிருக்கிறது. சூரியனை உற்றுப் பார்த்துவிட்டுத் திரும்பினால் கண்முன் கரும்புள்ளிகள் மிதக்கும். கூசிய கண்ணுக்கு அவை மருந்து. துன்பியல் கவிஞர் சோஃபோக்ளிஸின் நாயகர்கள் இதற்குத் தலைகீழ் என்கிறார் நீட்சே. இயற்கையின் கொடிய இருளுக்குள் பார்த்த கண்ணைக் குணப்படுத்த எழும் ஒளிப்புள்ளிகள் அவர்கள். கலை இருளை மறைக்கும் திரை என்று நினைத்தால் இந்த இடம் புரியாது. இருளைப் பார்த்தவருக்குத்தான் அந்த ஒளி கிடைக்கிறது. உலகமும் இருப்பும் அழகுநிகழ்வாக மட்டுமே நியாயம் பெறுகின்றன என்று அவர் அந்நூலில் எழுதியது இந்தப் பொருளில்தான்.

துன்பியல் எப்படிச் செத்தது? யூரிப்பிடிஸ் அன்றாட மனிதனையும் தர்க்கத்தையும் மேடையேற்றினார். அவருக்குப் பின்னால் நின்றவர் சாக்ரடீஸ். எல்லாவற்றையும் அறிவால் விளக்கிவிடலாம், அறிந்தால் வாழ்க்கையையே திருத்திவிடலாம் என்ற நம்பிக்கை குழுப்பாடலின் குரல்வளையை நெரித்தது. ஆயினும் நீட்சே சாக்ரடீஸை எளிதாக விட்டுவிடவில்லை. சிறையில் சாவை எதிர்நோக்கியிருந்த சாக்ரடீஸ், இசை செய் என்று கனவு திரும்பத் திரும்பச் சொல்லவே, ஈசாப் கதைகளைச் செய்யுளாக்கினார் என்று பிளேட்டோ பதிவுசெய்திருக்கிறார். அறிவு தன் எல்லையில் முட்டும்போது கலையைத் தேடுகிறது என்பதற்கு அந்தச் சிறைக்காட்சியைச் சான்றாக வைத்தார். இசை பயிலும் சாக்ரடீஸ் என்ற உருவம் நூலில் ஒரு நம்பிக்கையாக நிற்கிறது.

நூலின் கடைசிப் பகுதி தடம் மாறுகிறது. செத்த துன்பியல் வாக்னரின் இசைநாடகத்தில் மறுபிறவி எடுக்கிறது என்ற அறிவிப்பு அது. ஆய்வு அங்கே பிரசாரமாகிவிடுகிறது.

காலியான வகுப்பறை

1872 ஜனவரியில் நூல் வெளிவந்தது. ஆசிரியர் ரிட்ச்ல் மௌனம் காத்தார்; நீட்சே வலிந்து கடிதம் எழுதிக் கேட்ட பிறகே மரியாதையாக மறுப்பைத் தெரிவித்தார். மே மாதம் 23 வயதான உல்ரிக் ஃபான் விலாமோவிட்ஸ் ஒரு துண்டுநூல் வெளியிட்டார். அவரும் ஷூல்ஃபோர்ட்டாவில் படித்தவர்தான். மேற்கோள் பிழைகளையும் காலக்கணக்குப் பிழைகளையும் அடுக்கிய அவர், நீட்சே டயோனிசஸின் கோலை ஏந்தி இந்தியாவிலிருந்து கிரேக்கம்வரை ஊர்வலம் போகட்டும், ஆனால் பேராசிரியர் நாற்காலியிலிருந்து இறங்கிவிடட்டும் என்று முடித்தார். நண்பர் எர்வின் ரோடே மறுப்பு எழுதினார். வாக்னரும் நாளிதழில் வெளிப்படைக் கடிதம் எழுதினார். இசையமைப்பாளரின் ஆதரவு அறிஞர் உலகில் நீட்சேயின் பெயரை மேலும் கெடுத்தது.

அந்தக் குளிர்காலப் பருவத்தில் அவருடைய அணியிலக்கண வகுப்புக்கு இருவர் வந்தனர். ஒருவர் ஜெர்மன் இலக்கிய மாணவர், மற்றவர் சட்ட மாணவர். செம்மொழி மாணவர் ஒருவர்கூட இல்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் அதிசயப் பிள்ளையாகக் கொண்டாடப்பட்டவர், 28 வயதில், இரண்டு பேர் உட்கார்ந்திருந்த அறையில் நின்று பாடம் நடத்தினார்.

சுயசிந்தனைக்கு என்ன விலை என்பதை அவர் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 1874-இல் வெளியான 'கல்வியாளராக ஷோப்பன்ஹவர்' என்ற கட்டுரையில் அந்த அனுபவம் பேசுகிறது. அரசிடம் சம்பளம் வாங்கிக்கொண்டு, குறித்த நேரத்தில் குறித்த மாணவர்முன் ஒருவரால் சிந்தித்துக்காட்ட முடியுமா என்று அதில் கேட்டார். ஷோப்பன்ஹவரின் கோட்பாடுகள் பற்றி அக்கட்டுரையில் வியக்கத்தக்க அளவு குறைவாகவே இருக்கிறது. அவர் எப்படி வாழ்ந்தார், யாருக்கும் தலைவணங்காமல் எப்படி எழுதினார் என்பதே அதன் பொருள். ஆசானிடமிருந்து கருத்தை வாங்கிக்கொள்ளாமல் நிற்கும் துணிவை வாங்கிக்கொள்ள வேண்டும் என்று அவர் அப்போதே முடிவுசெய்துவிட்டார். அந்தத் துணிவு ஆசானுக்கு எதிராகவும் திரும்பக்கூடும் என்பது அதில் மறைந்திருந்தது.

பைராய்ட்டிலிருந்து ஓடியவர்

1876 ஆகஸ்டில் பைராய்ட் நகரில் வாக்னரின் திருவிழா அரங்கு திறந்தது. நான்கு இரவுகள் நீளும் 'நிபெலுங் மோதிரம்' அரங்கேறியது. பேரரசர் முதலாம் வில்ஹெல்ம் வந்தார். பிரபுக்களும் செல்வர்களும் வந்தார்கள். வாக்னரைப் போற்றி நீட்சே எழுதிய நூல் அதற்கு முந்திய மாதம்தான் வெளிவந்திருந்தது. ஏதென்ஸ் மறுபடி எழுகிறது என்று நம்பிப் போனவர், அங்கே நாகரிகச் சீமான்கள் பொழுதுபோக்குவதைக் கண்டார். கண்வலியும் தலைவலியும் தாங்கவில்லை. ஒத்திகைகளின் நடுவே கிளம்பி பவேரியக் காட்டுப்பகுதியில் கிளிங்கன்புருன் என்ற ஊரில் போய்த் தங்கினார். குறிப்பேட்டை எடுத்து எழுதத் தொடங்கினார். திரும்பவும் பைராய்ட் வந்து சில நாட்கள் இருந்தார்; ஆனால் அந்தக் குறிப்பேடு வேறு திசையில் போய்க்கொண்டிருந்தது.

அதிலிருந்து வளர்ந்த நூல் 1878-இல் வந்தது: 'மனிதம், மிகையான மனிதம்'. சுதந்திரச் சிந்தையருக்கான நூல் என்று துணைத்தலைப்பு. வால்ட்டேரின் நூற்றாண்டு நினைவுக்குக் காணிக்கை. முதலில் பெயரை மறைத்து வெளியிடவே நினைத்தார். பதிப்பாளர் ஒப்பவில்லை.

கலைஞரைப் பற்றி அந்நூல் சொல்வது வாக்னர் வீட்டு விருந்தாளி எழுதியதுபோல் இல்லை. பேதோவனின் குறிப்பேடுகள் அந்த ஆண்டுகளில்தான் குஸ்தாவ் நாட்டபாமின் உழைப்பால் வெளிச்சத்துக்கு வந்துகொண்டிருந்தன. அவற்றைச் சுட்டி நீட்சே வாதிட்டார்: மாபெரும் மெட்டுகள் வானிலிருந்து இறங்கவில்லை. பல தொடக்கங்களை எழுதி, அடித்து, பொறுக்கி, சேர்த்து மெல்ல மெல்ல உருவானவை அவை. நல்லதும் நடுத்தரமும் மோசமுமாகக் கற்பனை உற்பத்தி செய்துகொண்டே இருக்கிறது; சலிப்பில்லாமல் தள்ளிக்கொண்டே இருக்கும் தீர்ப்புத்திறனே கலைஞரை உருவாக்குகிறது. மேதைமையை அற்புதமாக்குவது நமக்கும் வசதி. எட்டாத உயரம் என்று சொல்லிவிட்டால் போட்டியிட வேண்டியதில்லையே என்றும் எழுதினார்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் கலையில் உலகத்துக்கே நியாயம் கண்டவர், இப்போது கலையின் பொழுது சாய்கிறதோ என்று கேட்டார். மதம் போன இடத்தில் அதன் உணர்ச்சிகளைச் சுமந்துகொண்டு கலை நிற்கிறது என்று ஐயுற்றார். வாக்னர் தம் இதழில் பெயர் சொல்லாமல் தாக்கினார். நட்பு முடிந்தது.

இங்கே ஒரு செய்தியைச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது. தம் நூலும் வாக்னரின் 'பார்சிஃபால்' நாடகப் பிரதியும் வழியில் ஒன்றையொன்று கடந்துசென்றன, இரண்டு வாள்கள் மோதியதுபோல் இருந்தது என்று நீட்சே 1888-இல் நினைவுகூர்ந்தார். அழகான காட்சி. ஆனால் 'பார்சிஃபால்' அவர் கைக்கு வந்தது 1878 ஜனவரியில். தம் நூலை அவர் அனுப்பியது ஏப்ரல் கடைசியில். மாதக்கணக்கான இடைவெளி. சுயவிசாரணையில் இவ்வளவு கடுமையானவராலும் தம் வாழ்வின் பெரிய பிரிவை ஒரு துன்பியல் காட்சியாக அமைத்துக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை.

தம்மையே எதிர்த்தல்

1879-இல் உடல்நிலை காரணமாக வேலையை விட்டார். ஆண்டுக்குச் சுமார் 3000 பிராங்க் ஓய்வூதியம். கோடையில் சுவிட்சர்லாந்தின் மலையூரான ஸில்ஸ் மரியா, குளிர்காலத்தில் ஜெனோவா அல்லது நீஸ். ஸில்ஸில் டூரிஷ் குடும்பத்தின் வீட்டு மாடியில், காட்டைப் பார்த்த இருண்ட சிறு அறையில், ஏழு கோடைக்காலங்கள் தங்கினார். கண் மங்கிக்கொண்டே வந்தது. 1882-இல் டேனிஷ்காரர் மாலிங் ஹான்சன் கண்டுபிடித்த தட்டச்சுக் கருவியொன்றை வரவழைத்தார்: அரைக்கோளத்தின்மேல் ஊசிகள் குத்திட்டு நிற்பதுபோன்ற பித்தளைக் கருவி. பயணத்தில் பழுதாகி, சில வாரங்களிலேயே பயனற்றுப்போனது. மறுபடி நடந்துகொண்டே குறிப்பேட்டில் எழுதினார். தம் 'ஜரதுஷ்டிரா' நூலின் நான்காம் பாகத்தைப் பதிப்பிக்க ஆளில்லை. 1885-இல் சொந்தச் செலவில் சுமார் 40 பிரதிகள் அச்சிட்டார்.

இந்த ஆண்டுகளில் கலை அவரிடம் திரும்பிவந்தது, ஆனால் பழைய அரியணைக்கு அல்ல. 1882-இல் வந்த 'மகிழ்வான அறிவியல்' நூலில் கலைக்கு நன்றி சொல்கிறார். நாம் அறிவதில் பிழையும் மாயையும் தவிர்க்க முடியாதவை என்று நேர்மை கண்டுகொண்டபின், அந்த நேர்மை மட்டுமே கையிலிருந்தால் வாழ்க்கை குமட்டும். தோற்றத்தின்மேல் நல்லெண்ணம் வைக்கக் கலை கற்றுத்தருகிறது. அதே நூலில், ஒருவர் தம் குணத்துக்கு ஒரு நடையை அளிப்பதைப் பெருங்கலை என்கிறார். தம் பலத்தையும் பலவீனத்தையும் முழுக்கப் பார்த்து, சிலவற்றை நீக்கி, சிலவற்றைச் சேர்த்து, நீண்ட பயிற்சியால் ஒரே சுவையின்கீழ் அமைப்பது. பேதோவனின் குறிப்பேட்டில் கண்ட உழைப்பு இப்போது வாழ்க்கைக்கு நகர்ந்திருக்கிறது. கலையும் சுயசிந்தனையும் இங்கே ஒன்றாகிவிடுகின்றன.

1886 ஆகஸ்ட் முன்னுரையை இந்தப் பின்னணியில் படிக்க வேண்டும். ஸில்ஸ் மரியாவில் எழுதியது அது. 'ஒரு சுயவிமர்சன முயற்சி' என்று பெயர். நூலின் துணைத்தலைப்பையும் மாற்றினார்: இசையின் ஆன்மாவிலிருந்து என்பது போய், கிரேக்கப் பண்பாடும் அவநம்பிக்கைவாதமும் என்றானது. பிழைகளில் இரண்டைத்தான் அவர் பெரிதாக நினைத்தார். தமக்கே உரிய பார்வைக்குத் தமக்கே உரிய மொழியைத் தேடும் துணிவில்லாமல் கான்ட், ஷோப்பன்ஹவர் சூத்திரங்களில் எழுதியது முதல் பிழை. மகத்தான கிரேக்கக் கேள்வியை அன்றைய ஜெர்மன் இசைமீது வைத்த நம்பிக்கையோடு கலந்து கெடுத்தது இரண்டாவது.

ஆனால் கேள்வியை விடவில்லை. அவநம்பிக்கை எப்போதும் சரிவின் அடையாளம்தானா? வலுமிகுந்தவர்கள், நலம் பெருகியவர்கள், அந்தப் பெருக்கினாலேயே கொடுமையைத் தேடிப் பார்க்க விரும்புவதுண்டா? பதினான்கு ஆண்டுகளில் விடைகள் உதிர்ந்தன, ஆசான்கள் உதிர்ந்தார்கள். கேள்வி மட்டும் தேய்ந்து கூரானது. 1888-இல் எழுதிய 'சிலைகளின் அந்தி'யில் அரிஸ்டாட்டிலுக்கு நேருக்கு நேர் பதில் சொன்னார்: இரக்கத்தையும் அச்சத்தையும் வடித்துவிடுவதற்கன்று துன்பியல், அவற்றைத் தாண்டி, அழிவையும் உள்ளடக்கிய உருமாற்றத்தின் மகிழ்ச்சியாகத் தானே ஆவதற்கு. கலை கலைக்காகவே என்ற முழக்கத்தையும் அங்கே மறுத்தார். அச்சமும் கேள்விக்குறியுமான ஒன்றின் எதிரில் அஞ்சாமல் நிற்கும் நிலையைத்தான் துன்பியல் கலைஞர் காட்டுகிறார் என்பது அவர் வாதம்.

கலைஞர்களின் சுதந்திரத்தைப் பற்றி அவருக்கு மயக்கமில்லை. 1887-இன் 'அறநெறியின் பரம்பரை' மூன்றாம் கட்டுரையில், கலைஞர்கள் பெரும்பாலும் ஓர் அறத்துக்கோ மதத்துக்கோ தத்துவத்துக்கோ ஏவலராகவே இருந்திருக்கிறார்கள் என்கிறார். தனியே நிற்க அஞ்சி ஒரு தூணைத் தேடுகிறார்கள். வாக்னருக்கு அந்தத் தூண் ஷோப்பன்ஹவர். 1872-இல் தாமே அந்தத் தூணில் சாய்ந்திருந்தவர் எழுதுவது இது. தத்துவவாதிகளையும் விடவில்லை. தன்னல ஈடுபாடின்றி மகிழ்விப்பதே அழகு என்ற கான்ட், கலையைப் பார்வையாளர் இருக்கையிலிருந்து மட்டுமே பார்த்தவர் என்று சொல்லி, அழகில் இன்பத்தின் வாக்குறுதியைக் கண்ட நாவலாசிரியர் ஸ்டெந்தாலை எதிரே நிறுத்தினார்.

'நன்மை தீமைக்கு அப்பால்' நூலில் ஒட்டிக்கொள்ளாதிருப்பதற்கு ஒரு பட்டியல் போடுகிறார். ஒரு மனிதரிடம், அவர் எவ்வளவு அன்புக்குரியவராயினும், ஒட்டிக்கொள்ளாதே. தாய்நாட்டிடம், இரக்கத்திடம், அறிவியலிடம் ஒட்டிக்கொள்ளாதே. உன் சொந்த விலகலிடமும் ஒட்டிக்கொள்ளாதே. பைராய்ட்டை அறிந்தவர்களுக்கு முதல் வரி யாரைச் சொல்கிறதென்று தெரியும்.

எட்டாத இடங்கள்

இந்தச் சுதந்திரத்தை அவர் எல்லாருக்குமாகக் கேட்கவில்லை. 1872 கிறிஸ்துமஸுக்குக் கோசிமாவுக்குப் பரிசாக அனுப்பிய கையெழுத்துப் பிரதியில், உயர் பண்பாட்டுக்கு அடிமைமுறை இன்றியமையாதது என்று எழுதியிருந்தார். சிலருடைய கலைக்காகப் பலர் உழைத்துச் சாக வேண்டும் என்ற எண்ணத்தை அவர் ஒருபோதும் முழுக்க விசாரிக்கவில்லை. பெண்களைப் பற்றிய அவருடைய இழிவான வரிகளும் அப்படியே. எல்லாப் பற்றையும் சோதித்தவர் இந்தப் பற்றுகளைச் சோதிக்கவில்லை. அவரை மதித்துப் படிப்பவர்கள் இதைச் சொல்லாமல் தாண்டுவது, அவரே வெறுத்த சீடத்தனம்.

யூத வெறுப்பு விஷயத்தில் அவர் தெளிவாக நின்றார். வெறுப்பு இயக்கத்தில் மூழ்கிய தம் பதிப்பாளர் ஷ்மைட்ஸ்னரிடமிருந்து நூல்களை மீட்கப் போராடினார். ஃபிரிட்ஷ் திரும்ப வாங்கியது அவரிடமிருந்துதான். தங்கை எலிசபெத், அந்த இயக்கத் தலைவர்களில் ஒருவரான ஃபோர்ஸ்டரை மணந்து, பராகுவேயில் 'தூய' ஜெர்மானியக் குடியேற்றம் அமைக்கப் போனதைக் கடிதங்களில் கசந்து கண்டித்தார்.

புலமை உலகம் அவருக்கும் விலாமோவிட்ஸுக்கும் இடையே தீர்ப்பைப் பங்கிட்டுக்கொண்டது. டயோனிசஸ் வெளியிலிருந்து தாமதமாக வந்த தெய்வம் என்று நீட்சேயின் தலைமுறை நம்பியது. மைக்கேல் வென்ட்ரிஸ் 1952-இல் லீனியர் பி எழுத்தைப் படித்துக்காட்டியபின், பைலோஸ் அரண்மனையின் களிமண் பலகைகளிலேயே, கி.மு. 13-ஆம் நூற்றாண்டளவில், அந்தப் பெயர் இருப்பது தெரிந்தது. ஆனால் கிரேக்க மதத்தின் இருண்ட அடித்தளத்தைத் தேடிய ஜேன் ஹாரிசன் 1912-இல் தம்மை நீட்சேயின் சீடராகவே அறிவித்தார். இ. ஆர். டாட்ஸின் 'கிரேக்கர்களும் பகுத்தறிவுக்கு அப்பாற்பட்டதும்' 1951-இல் வந்தபோது, ஒருகாலத்தில் கிறுக்கு என்று தள்ளிய பார்வை பாடத்திட்டத்துக்குள் வந்துவிட்டது. கொழும்பில் பிறந்த தமிழ்வழியினரான ஆனந்த குமாரசுவாமியும், 1918-இன் 'சிவ நடனம்' தொகுப்பில் நடராசர் வடிவத்தைப் பற்றிய கட்டுரையோடு நீட்சேயைப் பற்றிய ஒரு கட்டுரையையும் சேர்த்தார்.

1889 ஜனவரியில் டூரின் நகரில் நீட்சேயின் மனம் உடைந்தது. 1900 ஆகஸ்ட் 25 வரை உயிரோடிருந்தும் அவர் எழுதவில்லை. அவருடைய கையெழுத்துப் பிரதிகள் தங்கையின் கைக்குப் போயின. நீட்சே கைவிட்ட குறிப்புகளை அடுக்கி 'அதிகார வேட்கை' என்ற நூலை உருவாக்கினார்கள்: 1901-இல் 483 துண்டுகள், 1906-இல் 1067. தம் வரியைத் தாமே அடித்துத் திருத்துவதில் வாழ்நாளைச் செலவிட்டவர் நீட்சே. அடிக்க முடியாத நிலையில் அவர் கிடந்தபோதும் இறந்த பின்னும் அவர் பெயரில் நூல்கள் வளர்ந்தன. இத்தாலியர்களான கோல்லியும் மொன்டினாரியும் வைமர் நகரில் இருந்த அவருடைய கையெழுத்துப் பிரதிகளை எழுத்தெழுத்தாகப் பார்த்து, 1967 முதல் வெளியிட்ட பதிப்புதான் அந்த ஒட்டுவேலையைப் பிரித்துக்காட்டியது.

அந்தப் பிரதிகளிலும் கடிதங்களிலும் இருக்கும் நீட்சே, முழக்கங்களில் இருப்பவரைவிடச் சிக்கலானவர். 1887 ஜனவரி, சுயவிமர்சன முன்னுரை எழுதி ஐந்து மாதம். நீஸில் தங்கியிருந்தவர் மான்டி கார்லோவுக்குப் போய், 'பார்சிஃபால்' நாடகத்தின் தொடக்க இசையைக் கேட்டார். 1882-இல் பைராய்ட்டில் அரங்கேறியபோது அவர் போகவில்லை. வாக்னர் இறந்தும் நான்கு ஆண்டுகள் ஆகப்போகின்றன. தமக்கு நட்பை முறித்த படைப்பு, கிறித்தவத்தின் காலில் வாக்னர் விழுந்ததற்குச் சாட்சி என்று தாம் கருதிய படைப்பு.

திரும்பி வந்து இசையமைப்பாளர் நண்பர் பேட்டர் காஸ்டுக்குக் கடிதம் எழுதினார். இந்த இசை எதற்குப் பயன்படுகிறது என்ற கேள்வியை ஒதுக்கிவைத்து, அழகை மட்டும் பார்த்தால், வாக்னர் இதைவிடச் சிறப்பாக எதையாவது செய்திருக்கிறாரா என்று கேட்டார். உணர்ச்சியின் துல்லியத்தையும் தெளிவையும் வரிவரியாகப் புகழ்ந்தார். அடுத்த ஆண்டு, ஆசானைத் தாக்கிய கடுமையான துண்டுநூல் 'வாக்னர் விவகாரம்' வந்தது. அதன் பின்குறிப்பில், தாக்குதலின் நடுவே, 'பார்சிஃபால்' தம்மை வியக்கவைப்பதாகவும் அதைத் தாமே இயற்றியிருக்கக்கூடாதா என்று ஏங்குவதாகவும் ஒரு வாக்கியம் இருக்கிறது.